கல்லூரிக்குத் திரும்புவதா, என்.பி.ஏ.வுக்குப் போவதா: புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 மார்ச்சில், அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில், முதல் தரவரிசை பெற்றிருந்த பர்டியூ அணி 16ஆம் தரவரிசை அணியான ஃபேர்லி டிக்கின்சனிடம் தோற்றது. பர்டியூவின் நடுவில் நின்றவர் சாக் ஈடி. டொராண்டோ பையன், உயரம் 7 அடி 4 அங்குலம். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது அவருக்குத்தான். ஆனால் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை யாராவது எடுத்தால் இரண்டாம் சுற்றில்தான் எடுப்பார்கள் என்று பலரும் சொன்னார்கள். அவர் பெயர் கொடுத்தார், அணிகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், கடைசித் தேதியான மே 31 அன்று பெயரைத் திரும்பப் பெற்றுக் கல்லூரிக்குப் போனார். அடுத்த ஆண்டு மறுபடியும் அதே விருது. தேசிய இறுதி ஆட்டம் வரை பர்டியூ போனது. கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் ஈடி மட்டும் 37 புள்ளி. ஜூனில் மெம்பிஸ் அணி அவரை 9ஆவதாக எடுத்தது.

இதைக் கேட்டால் திரும்பிப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். சரி, இன்னொருவரையும் பாருங்கள். கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே 2022இல் இதே விருதை வாங்கியவர். அவரும் கல்லூரிக்குத் திரும்பி இன்னொரு ஆண்டு ஆடினார். 2023 டிராஃப்டில் அவர் பெயரை யாரும் அழைக்கவில்லை.

ஒவ்வொரு மே மாதமும் இந்தச் செய்திகள் வரும். இன்னார் பெயர் கொடுத்தார், இன்னார் திரும்பப் பெற்றார், இன்னார் வேறு கல்லூரிக்கு மாறினார். கல்லூரிக் கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இது தலை சுற்றும். வீரன் எந்த வரிசையில் யோசிக்கிறானோ அதே வரிசையில் நாமும் போனால் எல்லாம் புரிந்துவிடும். அதற்காக ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 20, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, உயரம் 6 அடி 6 அங்குலம். ஆட்டத்துக்கு 14 புள்ளி எடுக்கிறான். தூரத்திலிருந்து எறிவது மட்டும் சுமார். 35க்கும் 50க்கும் இடையில் எங்காவது எடுக்கப்படுவான் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இனி அவனை நம் பையன் என்றே சொல்கிறேன்.

முதலில் விதிகளும் தேதிகளும்

டிராஃப்ட் என்பது ஜூன் மாதக் கடைசியில் என்.பி.ஏ.வின் 30 அணிகளும் முறை வைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. இரண்டு சுற்று, கணக்குப்படி 60 பேர். ஏதாவது ஓர் அணி விதிமீறலுக்காகத் தன் முறையை இழந்தால் 59, 58 என்று குறையும். அந்த ஆண்டுக்குள் 19 வயது ஆகியிருக்க வேண்டும், அமெரிக்கப் பள்ளியில் படித்தவராக இருந்தால் பள்ளி முடித்து ஓராண்டாவது கடந்திருக்க வேண்டும். இது 2006 டிராஃப்டிலிருந்து உள்ள விதி. ஒரே ஒரு ஆண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டுப் போகும் வழக்கம் இதிலிருந்து வந்ததுதான். அதற்கும் வெகுநாள் முன்பு, பள்ளி முடித்து நான்கு ஆண்டு காத்திருந்தால்தான் என்.பி.ஏ.வில் நுழைய முடியும் என்ற நிலை இருந்தது. ஸ்பென்சர் ஹேவுட் வழக்குப் போட்டு 1971இல் உச்ச நீதிமன்றம் வரை போய் அதை உடைத்தார். இன்று இருபது வயதுப் பையனுக்கு இப்படி ஒரு முடிவெடுக்கும் உரிமை இருப்பதே அவரால்தான்.

கல்லூரியில் ஆடும் தகுதி தீர்ந்துபோனவர்கள் தானாகவே டிராஃப்டுக்குள் வந்துவிடுவார்கள். நம் பையனைப் போல நடுவில் இருப்பவர்கள்தான் எழுத்து மூலம் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுத்தால் கல்லூரி வாழ்க்கை முடிந்தது என்று புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, திரும்பப் பெறலாம். ஆனால் அதற்கு இரண்டு கடைசித் தேதிகள் உண்டு, குழப்பம் இங்கேதான். என்.பி.ஏ.வின் தேதி டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்பு. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் தேதி, சிகாகோவில் நடக்கும் கம்பைன் என்ற சோதனை முகாம் முடிந்து பத்து நாள். 2025இல் முதலாவது ஜூன் 15, இரண்டாவது மே 28. கல்லூரிக்குத் திரும்ப நினைப்பவனுக்கு மே 28தான் உண்மையான கெடு. அதைத் தாண்டி ஜூனில் பெயரை விலக்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக் கிளப்புகளில் ஆடும் இளைஞர்கள்.

2016க்கு முன்பு கம்பைன் நடப்பதற்கு முன்னாலேயே, ஏப்ரலில், மாணவர்கள் முடிவைச் சொல்லியாக வேண்டும். என்.பி.ஏ. அணிகள் தன்னைப் பற்றி என்ன நினைக்கின்றன என்று சரியாகத் தெரியாமலே பலர் குதித்தார்கள். விதி மாறியதும் இது ஒரு முன்னோட்டம் மாதிரி ஆனது. அதனால் பெயர் கொடுத்ததற்காக எந்த வீரன் மீதும் கோபப்படாதீர்கள். தகவல் வாங்குவதற்கு அவனுக்கு இருக்கும் வழி அதுதான்.

ஆலோசனைக் குழுவும் ஏஜென்டும்

பெயர் கொடுக்கும்போதே நம் பையன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, என்.பி.ஏ.வின் இளநிலை மாணவர் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்பது. அணிகளில் வீரர்களைத் தேர்வு செய்யும் அதிகாரிகள் இதில் இருக்கிறார்கள். முதல் 14 இடத்துக்குள் வருவாயா, முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா, இல்லை தேர்வாகவே மாட்டாயா என்று பொதுவாகச் சொல்வார்கள். உத்தரவாதம் எதுவும் இல்லை. ஆனாலும் பக்கச்சார்பு மிகக் குறைந்த பதில் இதுதான். பயிற்சியாளருக்கு அவன் திரும்பி வர வேண்டும். ஏஜென்டுக்கு அவன் போனால் வருமானம். ஊரில் இருக்கும் மாமாவுக்கு டிராஃப்ட் இரவில் டிவியில் வரவேண்டும். இந்தக் குழுவுக்கு அப்படி எந்த ஆசையும் இல்லை.

ஏஜென்ட் வைத்துக்கொண்டால் கல்லூரியில் ஆடும் தகுதி போய்விடும் என்பது பழைய விதி. 2018இலிருந்து, இந்த மதிப்பீட்டைக் கேட்டவர்கள் என்.சி.ஏ.ஏ.வின் சான்று பெற்ற ஏஜென்டை வைத்துக்கொள்ளலாம். பயணம், சாப்பாடு, தங்குமிடம் ஆகியவற்றுக்கு அவர் செலவு செய்யலாம். கல்லூரிக்குத் திரும்பினால் அந்த ஒப்பந்தம் முடிந்துவிட வேண்டும். ஆகவே ஏஜென்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, சான்று இருக்கிறதா என்பது. அடுத்து, இதற்கு முன் எத்தனை மாணவர்களை அவர் கல்லூரிக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று கேட்க வேண்டும். ஒருவரைக்கூட அனுப்பாதவரிடம் நான் என் பிள்ளையை ஒப்படைக்க மாட்டேன்.

இன்னொரு கதவையும் திறந்து வைப்பது

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று ஒரு பட்டியல் 2018இலிருந்து இருக்கிறது. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் அதில் பெயரைப் பதிகிறார்கள். முன்பெல்லாம் மாறினால் ஒரு ஆண்டு உட்கார வேண்டும். 2021இல் ஒருமுறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றார்கள், 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலில் சேர ஏப்ரலிலேயே கெடு முடிந்துவிடும். கம்பைன் மே மாதம். ஆக, மாறும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும், டிராஃப்ட் நிலவரம் தெரிவதற்கு முன்பே போர்ட்டலிலும் பெயரைப் போட்டாக வேண்டும். ஒரே வீரன் டிராஃப்டிலும் போர்ட்டலிலும் சேர்ந்தே இருப்பதைச் செய்தியில் பார்த்தால் இதுதான் காரணம்.

2025இல் இதற்கு இரண்டு அருமையான உதாரணங்கள் கிடைத்தன. அலபாமா பர்மிங்ஹாமில் ஆடிய யாக்செல் லெண்டபோர்க் மிச்சிகனுக்கு மாறுவதாக வாக்குக் கொடுத்திருந்தார், டிராஃப்டிலும் பெயர் இருந்தது. கம்பைனுக்குப் போய்விட்டு, கெடுவுக்கு முன் விலகி, மிச்சிகனுக்கே போனார். வாஷிங்டன் ஸ்டேட்டின் செட்ரிக் கோவர்ட் டியூக்குக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தோள் காயத்தால் அந்தப் பருவத்தில் அவர் ஆடியது ஆறே ஆட்டங்கள். ஆனால் கம்பைனில் அவருடைய கை விரிப்பு 7 அடியைத் தாண்டியது, எறிதலும் நன்றாக இருந்தது. டியூக்குக்குப் போகாமல் டிராஃப்டிலேயே இருந்தார், 11ஆவதாக எடுக்கப்பட்டு மெம்பிஸுக்குப் போய்ச் சேர்ந்தார். கல்லூரி வாழ்க்கையைப் பெரிய அணிகளே இல்லாத மூன்றாம் பிரிவில் தொடங்கியவர் அவர்.

சிகாகோவில் என்ன நடக்கிறது

கம்பைனில் காலணி இல்லாமல் உயரம் அளப்பார்கள், கை விரிப்பு, எம்பும் உயரம், பக்கவாட்டில் நகரும் வேகம் எல்லாம் அளப்பார்கள். ஐந்துக்கு ஐந்து ஆட்டமும் நடக்கும். முதல் பத்து இடம் உறுதி என்றிருப்பவர்கள் பெரும்பாலும் அதில் ஆட மாட்டார்கள். நம் பையன் ஆட வேண்டும். அவனைப் போல நடுவில் இருப்பவர்களுக்காகத்தான் அந்த ஆட்டங்கள். அழைப்பு வராதவர்களில் சிலருக்கு, என்.பி.ஏ.வின் வளர்ப்பு லீக்கான ஜி லீக்கின் பெயரில், ஜி லீக் எலைட் முகாம் என்று தனியாக ஒன்று நடக்கும், அதில் நன்றாக ஆடுபவர்கள் சிலரைக் கம்பைனுக்கு ஏற்றிவிடுவதும் உண்டு.

ஆனால் அங்கே முக்கியமான அறை ஆடுகளம் இல்லை, மருத்துவர்களின் அறை. ஒஹாயோ ஸ்டேட்டின் ஜேரட் சலிஞ்சர் 2011இலேயே போயிருந்தால் மிக உயர்ந்த இடத்தில் எடுக்கப்பட்டிருப்பார் என்பது அப்போதைய கணிப்பு. திரும்பிப் போய் ஒரு பருவம் ஆடினார். 2012இல் மருத்துவர்கள் முதுகைப் பார்த்துக் கவலை தெரிவித்தார்கள், 21ஆம் இடத்துக்கு இறங்கினார். திரும்ப நினைப்பவன் உடம்பைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் தெரிந்துகொள்ள வேண்டும், விலை இறங்கினால் ஈடு கொடுக்கும் காப்பீட்டைப் பற்றியும் விசாரிக்க வேண்டும்.

கம்பைனுக்கு அப்புறம் தனித்தனி அணிகள் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் புகழ்வதைக் குறித்துக்கொள்ள வேண்டாம். எல்லாரும் நல்ல பையன் என்றுதான் சொல்வார்கள். எந்த அணி இரண்டாவது முறை கூப்பிட்டது, யார் மருத்துவ அறிக்கை கேட்டார்கள், யார் என்ன ஒப்பந்தம் தருவதாகச் சொன்னார்கள் என்று மட்டும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். உன்னைக் கட்டாயம் எடுப்போம் என்று வாய்வார்த்தையாகச் சொல்வதும் நடக்கும். எந்த எண்ணில், எந்த வகை ஒப்பந்தத்தில் என்று ஏஜென்ட் கேட்டு வாங்காத வரை அந்த வார்த்தைக்கு எடை இல்லை.

பணம்: இடத்தைப் பார்க்காதே, ஒப்பந்தத்தைப் பார்

இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். செய்திகள் எல்லாம் எத்தனையாவது இடம் என்றே பேசும். வீரனின் வாழ்க்கையை மாற்றுவது எந்த வகை ஒப்பந்தம் என்பது.

முதல் சுற்றில் எடுக்கப்பட்டவனுக்குச் சம்பள அட்டவணை உண்டு. முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி, மூன்றும் நான்கும் அணியின் விருப்பம். 2025இல் முதலாவதாக எடுக்கப்பட்ட கூப்பர் ஃப்ளாக்குக்கு முதல் ஆண்டில் ஏறக்குறைய 1 கோடியே 38 லட்சம் டாலர். 30ஆவதாக வருபவனுக்கும் 25 லட்சம் டாலருக்கு மேல். 31ஆம் எண்ணிலிருந்து தரை மாறுகிறது. இரண்டாம் சுற்றுக்குக் கட்டாயச் சம்பள அட்டவணை கிடையாது. அதன் முன்பகுதியில் இருப்பவர்கள் பலர் முழு ஒப்பந்தம் வாங்கிவிடுவார்கள், அடிமட்டச் சம்பளமே 2025-26இல் 12 லட்சத்து 70 ஆயிரம் டாலரைத் தொடும். பின்பகுதியில் பலருக்குக் கிடைப்பது டூ-வே ஒப்பந்தம். 2017இல் வந்தது இது. ஓர் அணியில் மூன்று பேர் இப்படி இருக்கலாம். பெரும்பாலும் ஜி லீக்கில் ஆடுவார்கள், என்.பி.ஏ. அணியோடு 50 ஆட்டம் வரை இருக்கலாம். சம்பளம் அடிமட்டத்தில் பாதி, அதாவது சுமார் 6 லட்சத்து 36 ஆயிரம் டாலர். அதுவும் கிடைக்காமல் வெறும் ஜி லீக் ஒப்பந்தம் என்றால் ஒரு பருவத்துக்கு 40,000 டாலரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஏஜென்டின் பங்கு என்.பி.ஏ. ஒப்பந்தத்தில் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வரி தனி.

இப்போது தராசின் மறுதட்டு. 2021 ஜூன் 21இல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக 9-0 என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த பத்தாவது நாள், ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் இன்னொரு பெரிய வழக்கு சமரசத்தில் முடிந்து, கல்லூரிகளே தங்கள் வருமானத்தை வீரர்களோடு பகிரலாம் என்று ஆனது. 2025-26க்கு ஒரு கல்லூரியின் உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. பெரிய கல்லூரிகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விடும். ஆனாலும் முன்னணிக் கூடைப்பந்து அணிகளில் நல்ல வீரனுக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் பேசுகிறார்கள். வெளியார் தரும் 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைத் தனி அமைப்பு ஒன்றிடம் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதனால் பேசிய தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறாக இருக்கலாம்.

இதன் விளைவை இரண்டே எண்ணில் சொல்லிவிடலாம். 2021இல் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், 2025இல் 106 பேர். முன்பு வீட்டு வறுமைக்காக இரண்டாம் சுற்றுச் சூதாட்டத்தில் இறங்கிய பையன்கள் இருந்தார்கள். அம்மா வாடகை கட்ட வேண்டும் என்பதற்காகப் பத்தொன்பது வயதில் பாதி வெந்த நிலையில் போனவர்களை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. அந்தக் கட்டாயம் இப்போது குறைந்திருப்பது பெரிய நன்மை. கல்லூரி விளையாட்டின் தூய்மை போய்விட்டது என்று வருந்துபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோடிக்கணக்கில் வருமானம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆடிய பையனுக்கு மட்டும்தான் வரவில்லை.

நம் பையனுக்கு வருவோம். குழு இரண்டாம் சுற்று என்றது. அவனுக்குக் கிடைக்கக்கூடியது டூ-வே, அதிர்ஷ்டம் இருந்தால் அடிமட்டச் சம்பளம். கல்லூரி தருவதாகச் சொல்வது டூ-வேயைவிட அதிகம். இந்த ஆண்டுக் கணக்கில் கல்லூரி ஜெயிக்கிறது. ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை.

இரண்டாவது ஒப்பந்தம் என்ற கடிகாரம்

என்.பி.ஏ.வில் பெரிய பணம் முதல் ஒப்பந்தத்தில் இல்லை, இரண்டாவதில்தான் வருகிறது. புதியவனுக்குச் சம்பளத்தை விதிகள் அடக்கி வைக்கின்றன. அது முடிந்த பிறகு, அனுபவம் ஆறு ஆண்டு வரை இருப்பவனுக்கு அணியின் சம்பள வரம்பில் 25 சதவீதம் வரை கேட்கலாம், ஏழாம் ஆண்டிலிருந்து 30, பத்திலிருந்து 35. கல்லூரியில் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கடிகாரத்தை ஓர் ஆண்டு தள்ளிவைக்கிறது. கடைசியில் இழப்பது வாழ்க்கையின் மிக விலை உயர்ந்த ஓர் ஆண்டாக இருக்கலாம். முதல் சுற்றில் இடம் உறுதியானவன் போய்விட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜேலன் பிரன்சன் வில்லனோவாவில் மூன்று ஆண்டு ஆடி, இரண்டு தேசியப் பட்டம் வாங்கி, பட்டப் படிப்பையும் மூன்றே ஆண்டில் முடித்துவிட்டு 2018இல் போனார். 33ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார், டல்லாஸ் கொடுத்தது சிறிய ஒப்பந்தம். 2022இல் நியூயார்க் அவருக்கு நான்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 10 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. அவருக்கு 33ஆம் இடம் ஒரு தடையாக இல்லாமல் போனதற்குக் காரணம், போன அன்றே ஆடத் தயாராக இருந்தார்.

வயதும் சேர்ந்தே ஓடுகிறது. 19 வயதில் எறிதல் சுமாராக இருந்தால் வளர்ந்துவிடுவான் என்பார்கள். 23 வயதில் அதே எறிதல் என்றால் இவ்வளவுதான் இவன் என்பார்கள். ஃப்ளோரிடா 2006இல் பட்டம் வென்றதும் ஜோகிம் நோவா உச்சத்தில் இருந்தார், முதலாவதாகவே எடுக்கப்படலாம் என்ற பேச்சு இருந்தது. அவரும் ஆல் ஹார்ஃபோர்டும் கோரி ப்ரூவரும் சேர்ந்து திரும்பி வந்து 2007இலும் பட்டம் வென்றார்கள். அந்த டிராஃப்டில் ஹார்ஃபோர்ட் 3, ப்ரூவர் 7, நோவா 9. ஒரே முடிவு, நோவாவுக்கு இடம் இறங்கியது, ஹார்ஃபோர்டுக்கு ஏறியது. நண்பர்களோடு இரண்டு பட்டம் வென்ற சந்தோஷத்தை எந்த எண்ணில் வைப்பது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதற்கும் மதிப்பு உண்டு என்று நம்புகிறேன்.

எதற்காகத் திரும்புகிறான் என்று ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள்

நன்றாக ஆடுவதற்காக என்று எழுதினால் அது பதில் இல்லை. ஐயோவாவின் லூகா கார்ஸா 2020இல் பெயரைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டு நாட்டின் சிறந்த வீரர் விருதே வாங்கினார். டிராஃப்டில் 52ஆவதாகத்தான் வந்தார். அவர் மோசமாக ஆடவில்லை. ஷீப்வேயும் மோசமாக ஆடவில்லை. கால் வேகம், வெளியில் வந்து தடுப்பது என்று அணிகள் கேட்ட கேள்விகளுக்கு இன்னொரு கல்லூரிப் பருவத்தால் பதில் சொல்ல முடியவில்லை. இதற்கு எதிர்ப்பக்கம் ஒக்லஹோமாவின் படி ஹீல்ட். 2015இல் நான்காம் ஆண்டுக்குத் திரும்பி வந்து, எறிதலை வேறு தரத்துக்குக் கொண்டுபோய், அணியைக் கடைசி நான்குக்கு இழுத்துச் சென்று, 2016இல் 6ஆவதாக எடுக்கப்பட்டார்.

நம் பையனுடைய வரி இப்படி இருக்கலாம்: மூன்று புள்ளி எறிதலைச் சரிசெய்ய. நல்லது, அது ஒரு பருவத்தில் மாறக்கூடிய விஷயம். உடனே அடுத்த கேள்விகள். பழைய கல்லூரியிலேயே அவனுக்கு அப்படி எறியும் வாய்ப்புக் கிடைக்குமா? பந்தைப் பிடித்து ஓடும் ஆள் யார், போர்ட்டலில் இருந்து அதே இடத்துக்கு இன்னொருவனைக் கூட்டி வருகிறார்களா? பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போகிறார் என்ற பேச்சு இருக்கிறதா? இவற்றுக்குப் பயிற்சியாளரிடம் நேரில் உட்கார்ந்து பதில் வாங்க வேண்டும். சரியான பதில் வராவிட்டால் போர்ட்டலில் போட்டுவைத்த பெயர் அப்போது உதவும்.

அடுத்த ஆண்டு டிராஃப்ட் எப்படி இருக்கும் என்றும் பார்க்க வேண்டும். ஈடி போன 2024ஆம் ஆண்டு வரிசை பலவீனமானது என்று பொதுவாகவே கருதப்பட்டது, அவர் 9 வரை ஏறியதில் அதற்கும் பங்கு உண்டு. பெரிய பெயர்கள் குவியும் ஆண்டுக்குக் காத்திருப்பது நடுவில் இருப்பவனுக்கு நல்லதல்ல.

விசா, படிப்பு

ஈடி கனடாக்காரர், ஷீப்வே காங்கோக்காரர். இருவரும் மாணவர் விசாவில் இருந்தவர்கள். அந்த விசாவில் அமெரிக்க மண்ணில் நின்று விளம்பர வேலை செய்து சம்பாதிப்பது பெரிய சிக்கல். அணியின் பஹாமாஸ் பயணத்தின்போது ஷீப்வே அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்தார். ஆகவே அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வீரனுக்கு மேலே சொன்ன கல்லூரிப் பணக் கணக்கு அப்படியே பொருந்தாது, குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. கனடாவின் ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ இருந்து பிள்ளைகளை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பும் நம் குடும்பங்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பட்டத்தைப் பொறுத்தவரை, போவதா வேண்டாமா என்பதை அது மட்டும் தீர்மானிக்க வேண்டியதில்லை. டிம் டங்கன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக நான்கு ஆண்டும் படித்து முடித்து 1997இல் முதலாவதாக எடுக்கப்பட்டார். ஸ்டெஃபன் கரி மூன்று ஆண்டில் டேவிட்சனை விட்டுப் போய், 2022இல் பட்டத்தை முடித்தார்.

பெண்கள் பக்கம் வேறு கணக்கு

பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் அமெரிக்கக் கல்லூரி வீராங்கனை அந்த ஆண்டில் 22 வயதைத் தொட வேண்டும், அல்லது படிப்பை முடித்திருக்க வேண்டும். டிராஃப்ட் ஏப்ரலில், பருவம் முடிந்த சில நாளிலேயே. யோசிக்க நேரமே இல்லை. கடைசி வரை ஆடும் அணியில் இருந்தால் 48 மணி நேரம்தான். 2024இல் கெய்ட்லின் கிளார்க் கோவிட் காலத்தால் கிடைத்த கூடுதல் ஆண்டை வேண்டாம் என்று விட்டு முதலாவதாகப் போனார். அவருடைய முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர். அதே ஆண்டு பெய்ஜ் பெக்கர்ஸ் கனெக்டிகட்டில் தங்கினார், 2025இல் தேசியப் பட்டம் வென்றுவிட்டு அவரும் முதலாவதாகவே டல்லாஸுக்குப் போனார். இருவருக்கும் பெரிய பணம் விளம்பரத்திலிருந்துதான் வந்தது, அது எந்தப் பக்கம் போனாலும் கூடவே போகும்.

கடைசி நாட்கள்

கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு நம் பையன் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். குழு சொன்னது, இரண்டாம் முறை கூப்பிட்ட அணிகள், மருத்துவ அறிக்கை, கல்லூரி எழுத்தில் தரும் தொகை, திரும்பும் காரணம் ஒரு வரி. என்னிடம் கேட்டால், 20 வயதில் இரண்டாம் சுற்று என்ற பதிலோடு அவன் திரும்பலாம். இதே பதில் 22 வயதில், நான்காம் ஆண்டில் வந்திருந்தால், ஏதாவது ஓர் அணி முழு ஒப்பந்தம் என்று சொல்லியிருந்தால், போகச் சொல்லியிருப்பேன்.

டிராஃப்டிலேயே இருந்து பெயர் அழைக்கப்படாவிட்டால் கதை முடிந்துவிடாது. கடைசிப் பெயர் வாசித்த சில நிமிடங்களில் தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கும். ஆஸ்டின் ரீவ்ஸ் 2021இல் அழைக்கப்படாமல் லேக்கர்ஸில் டூ-வேயில் சேர்ந்தவர். ஃப்ரெட் வான்வ்லீட் 2016இல் அழைக்கப்படாமல் டொராண்டோவுக்கு வந்து 2019இல் பட்டம் வென்றார். நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இரண்டு ஆண்டு ஆடிவிட்டுக் கிளம்பிய சிம் புல்லரையும் 2014இல் யாரும் எடுக்கவில்லை. சேக்ரமென்டோவின் வளர்ப்பு லீக் அணியில் ஆடி, 2015 ஏப்ரலில் பத்து நாள் ஒப்பந்தத்தில் களமிறங்கினார். இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ.வில் ஆடிய முதல் ஆள் அவர்.

திரும்புவது என்று முடிவெடுத்தால், விலகல் கடிதம் கெடு நாள் இரவு 11.59க்குள், அமெரிக்கக் கிழக்கு நேரப்படி, என்.பி.ஏ. அலுவலகத்துக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். சமூக ஊடகத்தில் படம் போடுவது விலகல் ஆகாது. போய்ச் சேர்ந்ததற்கு உறுதி வாங்கிக்கொள்ள வேண்டும், நகல் ஒன்றைக் கல்லூரியின் விதிமுறை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும், ஏஜென்டோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்ட கடிதத்தையும் அதோடு வைக்க வேண்டும். கோடைப் பயிற்சி ஜூனில் தொடங்கிவிடும். எறிதலைத் திருத்த நம் பையனுக்குக் கிடைக்கும் நல்ல மாதங்கள் அவைதான்.